எந்தப் படம் ஓடும்?

மலை ஊர் தியேட்டர்காரர் போடும் கணக்கு

நீலகிரி மலையில் லவ்டேல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஊட்டி போகும் மலை ரெயிலில் ஏறினால், ஊட்டிக்குச் சற்று முன்னால் வரும். கடல் மட்டத்துக்கு மேல் 7 ஆயிரம் அடி உயரம். 1858-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட லாரன்ஸ் பள்ளிக்கூடம் இங்கேதான் இருக்கிறது.

சினிமாக்காரர்களுக்கு இந்த வட்டாரம் நன்றாகத் தெரியும். பக்கத்தில் உள்ள கேத்தி ரெயில் நிலையத்தில்தான் "மூன்றாம் பிறை" (1982) படத்தின் கடைசிக் காட்சி எடுக்கப்பட்டது. படம் எடுக்கச் சென்னையில் இருந்து இங்கே வருகிறார்கள். ஆனால் லவ்டேல்காரர் படம் பார்க்க வேண்டுமானால், குடும்பத்தோடு ஊட்டிக்குப் போக வேண்டும்.

போகலாமா, வேண்டாமா? வீட்டில் இதற்கு ஒரு சிறு மாநாடே நடக்கும். டிக்கெட் என்ன விலை? போக வர பஸ்ஸுக்கு எவ்வளவு? படம் விட்டு வெளியே வரும்போது பஸ் இருக்குமா? குழந்தைக்குக் குளிர் தாங்குமா? "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று அப்பா சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

இந்தக் குடும்பம் வீட்டை விட்டுக் கிளம்புமா, கிளம்பாதா? இதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் சிறிய ஊர் தியேட்டர்காரரின் தொழில். அதில் தேர்ந்தவர்கள் பலர் இருந்தார்கள். இன்று அவர்களுடைய திறமைக்கு வேலை இல்லாமல் போய்க்கொண்டு இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

ரெயில்வே ஊழியர் தொடங்கிய தொழில்

தென்னாட்டில் ஊர் ஊராகப் படம் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோவைக்காரர். திருச்சியில் ரெயில்வே வேலையில் இருந்தார். 1905-ம் ஆண்டில் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து படம் காட்டும் எந்திரத்தையும், இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படத்தையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

கூடாரக் கொட்டகைக்கு ஒரு வசதி உண்டு. கூட்டம் வந்தால் தங்கலாம். வராவிட்டால் மூட்டை கட்டலாம். எந்த ஊரில், எந்த நாளில் மக்கள் காசு செலவழிப்பார்கள் என்பதை அவர் இப்படி அலைந்துதான் தெரிந்துகொண்டார். பிறகு 1914-ல் கோவையில் "வெரைட்டி ஹால்" என்ற நிலையான கொட்டகையைக் கட்டினார். முதலில் ஊரைப் படித்தார். பிறகுதான் செங்கல் வைத்தார்!

மலையில் யார் யார்?

நீலகிரியில் ஊரைப் படிப்பது லேசான வேலை அல்ல. சின்ன மாவட்டம்தான். ஆனால் எத்தனை விதமான மக்கள்!

படுகர் இன மக்கள் தேயிலைத் தோட்டமும் காய்கறியும் பயிரிடுகிறார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 1964-ம் ஆண்டின் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையில் இருந்து திரும்பி வந்தவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. வெலிங்டனில் ராணுவ வீரர்கள். அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசுவோர் நிறைய. இவர்களோடு, கோடை விடுமுறையில் வந்து குவியும் வெளியூர்க்காரர்கள்.

எல்லோருக்கும் ஒரே படம் பிடிக்குமா? பிடித்தாலும், எல்லோரிடமும் ஒரே நாளில் காசு இருக்குமா?

தொழிற்சாலைக்காரர் கையில் மாதச் சம்பளம் வந்தால் காசு. சிறு தேயிலை விவசாயிக்குப் பச்சைத் தேயிலை விலை ஏறினால் காசு. விலை இறங்கினால், எவ்வளவு பெரிய நடிகர் நடித்தாலும் வீட்டில் பேச்சு எடுபடாது. படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை நடக்கும்போது யாரும் சினிமாவை நினைக்க மாட்டார்கள். ஜூன், ஜூலையில் மலையில் மழை. இரவுக் காட்சிக்கு ஆள் கிடைப்பது கடினம். இதே மக்கள், மழை விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் குடும்பத்தோடு கடைத்தெருவுக்கு வருவார்கள். பகல் காட்சிக்குக் கூட்டம் சேரும்.

ஆகவே, தியேட்டர்காரர் கணக்குப் போடுவது படத்தைப் பார்த்து மட்டும் அல்ல. பாதிக் கணக்கு படம். மீதிப் பாதி சம்பள நாள், மழை, திருவிழா, கடைசி பஸ்!

பெட்டி வந்த காலம்

அந்தக் கணக்கைப் போட முன்பு அவருக்கு நேரம் இருந்தது.

அப்போது படம் பிலிம் சுருளாக, தகரப் பெட்டியில் வரும். ஒரு படத்துக்கு எடுக்கும் பிரதிகள் குறைவு. அவை முதலில் சென்னை, மதுரை, கோவை போன்ற பெரிய நகரங்களுக்குப் போகும். இவற்றை "ஏ சென்டர்" என்பார்கள். அங்கே ஓடி முடித்த பிறகு நடுத்தர ஊர்களான "பி சென்டர்"களுக்கு வரும். கடைசியாகச் சிற்றூர்களும் டூரிங் கொட்டகைகளும். இவை "சி சென்டர்".

சினிமா வியாபாரத்தில் நீலகிரி, கோவை ஏரியாவைச் சேர்ந்தது. கோவையில் ஒரு படம் ஓடும்போதே மலையில் உள்ள தியேட்டர்காரர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். அவர் திரையை மட்டும் பார்க்க மாட்டார். ஆட்களைப் பார்ப்பார். பெண்கள் எந்த இடத்தில் கண்ணைத் துடைக்கிறார்கள்? பாட்டு வந்தால் எத்தனை பேர் எழுந்து வெளியே போகிறார்கள்? முதல் வாரம் வந்தவர்கள் இளைஞர்கள் மட்டுமா, இரண்டாவது வாரம் தாய்மார்கள் வருகிறார்களா? தாய்மார்கள் வந்தால் படம் நிற்கும். இது அந்தத் தொழிலில் பழைய பாடம்.

பிறகுதான் பேரம். வாடகைக்கு எடுக்கலாம். வசூலில் இத்தனை சதவீதம் என்று பங்கு பேசலாம். அல்லது "மினிமம் கியாரண்டி". அதாவது, வசூல் எவ்வளவு ஆனாலும் குறைந்தது இவ்வளவு தருகிறேன் என்று முன்பணம் கட்டி உறுதி கூறுவது. கணக்கு சரியாக இருந்தால் லாபம். தவறினால் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும்.

நிபுணர்கள் ஏமாந்த கதை

"எந்தப் படம் ஓடும் என்று எனக்குத் தெரியும்" என்று அடித்துச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. பெரிய பெரிய வினியோகஸ்தர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

1977-ல் பாரதிராஜாவின் "16 வயதினிலே" தயாரானது. வாங்க ஆள் வரவில்லை. தயாரிப்பாளர் எஸ்.ஏ.ராஜ்கண்ணு தாமே வெளியிட்டார். படம் வெள்ளி விழாக் கண்டது. 1999 டிசம்பரில் பாலாவின் "சேது" வந்தது. அதற்கும் இதே நிலை. பல முறை போட்டுக் காட்டியும் வாங்குவோர் இல்லை. கடைசியில் சென்னைப் புறநகரில் ஒரு தியேட்டரில் பகல் காட்சியாக மட்டும் தொடங்கியது. பார்த்தவர் பத்துப் பேரிடம் சொன்னார். பத்துப் பேர் நூறு பேரிடம் சொன்னார்கள். படம் நூறு நாளைத் தாண்டியது.

இன்னும் பழைய கதை ஒன்று. 1937-ல் தியாகராஜ பாகவதர் நடித்த "சிந்தாமணி" ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதில் கிடைத்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே எழும்பியது. அதன் பெயரும் சிந்தாமணிதான்!

இவற்றில் இருந்து என்ன தெரிகிறது? ஒரு படத்தைப் பற்றி முதல் நாளே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஊர் வாய்க்குச் சில நாள் அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் இருந்தவரை, சிறிய ஊர் தியேட்டர்காரருக்கு நஷ்ட பயம் குறைவு. மற்ற ஊர்களின் தீர்ப்பைக் கேட்ட பிறகுதான் அவர் பணம் கட்டினார்.

இன்று என்ன நிலை?

இன்று பெட்டி இல்லை. படம் டிஜிட்டல் முறையில் வருகிறது. சென்னையில் வெளியாகும் அதே நாளில், அதே நேரத்தில் மலையிலும் வெளியாகிறது. ரசிகர்களுக்கு இது நல்லதுதான். மூன்று மாதம் காத்திருக்க வேண்டியது இல்லை.

ஆனால் தியேட்டர்காரருக்கு? கோவைக்குப் போய்க் கூட்டத்தைப் பார்க்க வழி இல்லை. படத்தைப் பார்க்காமலே பணம் பேச வேண்டும். நடிகரின் பெயரும் விளம்பரமும்தான் கையில் உள்ள துப்பு.

பங்கும் ஏறிவிட்டது. பெரிய நடிகர் படம் என்றால், முதல் வார வசூலில் பெரும் பகுதி வினியோகஸ்தருக்கு. 2023-ல் வந்த "லியோ" படத்துக்கு 80 சதவீதம் வரை பங்கு கேட்கப்பட்டதாகத் தியேட்டர் தரப்பில் குறை சொன்னார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

தியேட்டரில் 400 இருக்கை. டிக்கெட் 100 ரூபாய். அரங்கு நிறைந்தால் ஒரு காட்சிக்கு 40 ஆயிரம் ரூபாய். வரிகள் போக 36 ஆயிரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதம் வினியோகஸ்தருக்கு என்றால், அவருக்கு 25 ஆயிரத்து 200. தியேட்டர்காரருக்கு 10 ஆயிரத்து 800.

அதே காட்சிக்கு 40 பேர் மட்டும் வந்தால்? தியேட்டர்காரருக்கு நிற்பது 1,080 ரூபாய்! மின்சாரம் இதில் வேண்டும். ஆட்களின் சம்பளமும் இதில்தான் வர வேண்டும். மழை நாளில் மலை ஊரில் 40 பேர் வருவதே பெரிய காரியம்.

படம் நன்றாக இருந்து, ஊர் வாய் பரவி, மூன்றாவது வாரம் கூட்டம் சேரலாம் அல்லவா? அதற்குள் அடுத்த பெரிய படம் வந்துவிடுகிறது. அது மட்டும் அல்ல. நாலு வாரம் போனால் படம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. "இன்னும் கொஞ்ச நாளில் வீட்டிலேயே பார்க்கலாமே" என்று லவ்டேல் அப்பா சொன்னால், அதில் தவறு கண்டுபிடிக்க முடியுமா? இதனால்தான் தியேட்டர்காரர்கள், இந்த இடைவெளியை எட்டு வாரமாக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

நீலகிரியிலும் சமவெளியிலும் பல தியேட்டர்கள் மூடப்பட்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். சில இடங்களில் அவை கல்யாண மண்டபம் ஆயின. சில இடங்களில் கடைகள் எழும்பின.

ஊர் வாய் சாகவில்லை

அப்படியானால் நம்பிக்கையே இல்லையா? இருக்கிறது.

2024 பிப்ரவரியில் "மஞ்ஞும்மல் பாய்ஸ்" என்ற மலையாளப் படம் வந்தது. கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனை மீட்கும் கதை. தமிழ்நாட்டில் பெரிய விளம்பரம் இல்லை. ஆனாலும் இங்கே அமோக வசூல். அதே ஆண்டு ஏப்ரலில், 20 ஆண்டுக்கு முந்திய "கில்லி" மறுபடி திரைக்கு வந்தது. தொலைக்காட்சியில் பல முறை பார்த்தவர்களே டிக்கெட் எடுத்துப் போய் விசில் அடித்தார்கள். 2025 மே மாதம் வந்த "டூரிஸ்ட் பேமிலி", இலங்கையில் இருந்து தமிழகம் வரும் ஒரு குடும்பத்தின் கதை. சிறிய படம். குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள்.

மூன்றும் மூன்று விதம். ஆனால் மூன்றையும் ஓட வைத்தது ஊர் வாய்தான்.

வரியிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 100 ரூபாய் வரை உள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம் ஆனது. அதற்கு மேல் விலை உள்ள டிக்கெட்டுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. மலிவு டிக்கெட் விற்கும் சிறிய ஊர் தியேட்டருக்கு இது கொஞ்சம் மூச்சு விட இடம் தரும். ஆனால் பங்குக் கணக்கும் மாறினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

என்ன செய்யலாம்?

பெரிய நகரத்துக்கும் மலை ஊருக்கும் ஒரே பங்கு கேட்பது நியாயம் அல்ல. கூட்டம் குறைவாக உள்ள காட்சிகளுக்குப் பங்கைக் குறைத்துக்கொண்டால், தியேட்டர் மூடாமல் இருக்கும். திறந்திருக்கும் தியேட்டரில்தானே அடுத்த படத்தையும் ஓட்ட முடியும்? எல்லாக் காட்சியும் பெரிய படத்துக்கே என்று கட்டாயப்படுத்தாமல், ஒரு காட்சியையாவது தியேட்டர்காரரின் விருப்பத்துக்கு விடலாம். தம் ஊருக்கு எது பிடிக்கும் என்பது சென்னையில் இருப்பவரை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நம் பங்கும் ஒன்று உண்டு. நல்ல படம் பார்த்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். மூன்றாவது வாரத்துக்குத் தள்ளிப் போடாமல், முதல் வாரத்திலேயே குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். இன்று ஒரு சிறிய படத்தின் ஆயுள் அந்த ஏழு நாளில்தான் இருக்கிறது.

லவ்டேலில் மாலைப் பனி இறங்கும் நேரம். ஒரு குடும்பம் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறது. அவர்கள் ஊட்டிக்குப் போய்ச் சேரும்போது தியேட்டரில் விளக்கு எரிய வேண்டும். அவ்வளவுதான்.