துளை போடாத தகரம்

எங்கள் வீட்டில் எந்தப் பயணம் என்றாலும் முதலில் முடிவாவது இடமல்ல, சாப்பாடு. கேமரன் மலையானாலும் சரி, லங்காவியானாலும் சரி, என் மனைவி புளிச்சாதமும் நெத்திலிச் சம்பலும் கட்டாமல் கார் பெண்டாங் எல்லையைத் தாண்டாது. இந்த முறை மட்டும் அந்த வழக்கத்தை உடைக்க ஒருவர் வந்தார். பினாங்கில் கணினித் துறையில் வேலை பார்க்கும் என் மச்சான்.

ஜித்ராவைத் தாண்டி புக்கிட் வாங் வன மகிழ்விடத்தில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். நான், மனைவி, படிவம் இரண்டில் படிக்கும் மகன், ஒன்பது வயது மகள், எழுபதைத் தாண்டிய என் அப்பா, மச்சான். ஆறு பேர்.

“அக்கா, இந்தத் தடவை நீ அடுப்பே பத்த வைக்க வேணாம். இராணுவச் சாப்பாடு கொண்டு வரேன்” என்றார் மச்சான்.

கொண்டு வந்தார். இணையத்தில் வாங்கிய பழுப்பு நிறப் பொட்டலங்கள் இரண்டு. அமெரிக்கப் படையினருடையவை. கூடவே முகாம் பொருள்கள் விற்கும் கடையில் வாங்கிய உள்ளூர்ப் பொட்டலங்கள் நான்கு. கோழி பிரியாணி, கோழி ரெண்டாங், ஹலால் முத்திரையோடு.

அமெரிக்கப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்த மகன், அதன் மேலிருந்த ஆங்கில வரியை உரக்கப் படித்தான். இது அரசாங்கச் சொத்து, வணிக நோக்கில் மறுவிற்பனை செய்வது சட்டவிரோதம் என்ற வரி. “மாமா, அப்படின்னா நீங்க திருட்டுச் சாமானா வாங்கினீங்க?” என்று கேட்டான். மச்சான் காது கேட்காதவர் போலக் கூடாரக் குச்சிகளை எண்ணத் தொடங்கினார்.

அடுத்த சிக்கல் உள்ளே இருந்தது. ஒரு பொட்டலத்தில் மாட்டிறைச்சி. எங்கள் வீட்டில் அது கிடையாது. இன்னொன்றில் தக்காளிக் குழம்பில் பாலாடைக்கட்டி அடைத்த பாஸ்தா. மாட்டிறைச்சிப் பொட்டலம் பிரிக்கப்படாமலே ஒதுக்கி வைக்கப்பட்டது. அதன் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

பிரித்த பொட்டலத்துக்குள் ஒரு மளிகைக் கடையே இருந்தது. முக்கிய உணவு, உப்பு ரொட்டி, அதில் தடவ நிலக்கடலை வெண்ணெய், இனிப்பு, காப்பித்தூள், சீனி, உப்பு, சூயிங்கம், கைதுடைக்கும் ஈரத்தாள், நீண்ட பிளாஸ்டிக் கரண்டி. ஒரு பொட்டலம் ஏறத்தாழ 1,250 கலோரி. நாளைக்கு மூன்று சாப்பிட வேண்டும். நாள் முழுக்க மூட்டை சுமந்து மலையேறும் இளைஞனுக்கான அளவு அது. கூடாரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒன்றே அதிகம். சமைத்த உணவு கிடைக்காத நெருக்கடிக்குத்தான் இந்தப் பொட்டலம். தொடர்ந்து 21 நாளுக்கு மேல் இதையே நம்பியிருக்கக் கூடாது என்பது அவர்களே வைத்திருக்கும் வரம்பு.

கெடாமல் எப்படி இருக்கிறது? மருந்து போட்டிருப்பார்கள் என்றுதான் என் மனைவி நினைத்தார். அப்படியல்ல. நெப்போலியன் காலத்தில், உணவைக் கெடாமல் வைக்கும் வழியைக் கண்ட நிக்கோலா அப்பேருக்குப் பிரெஞ்சு அரசாங்கம் 1810இல் 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. உணவைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கொதிநீரில் வேகவைத்தார் அவர். அதே ஆண்டில் பீட்டர் டுராண்ட் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பொட்டலமும் அதே தத்துவம்தான். வெளியே பாலியெஸ்டர், நடுவில் அலுமினியத் தாள், உள்ளே பாலிபுரோப்பிலீன். உணவை அடைத்து மூடிய பிறகு, ஏறத்தாழ 121 பாகை வெப்பத்தில் அழுத்தத்தோடு வேகவைக்கிறார்கள். பொட்டலம் தட்டையாக இருப்பதால் சூடு நடுப்பகுதிக்குச் சீக்கிரம் போய்விடும். தகர டப்பாவைப்போல ஓரம் குழைந்து போகும்வரை வேகவைக்கத் தேவையில்லை. நம் பேரங்காடியில் பையில் அடைத்து விற்கும் ரெண்டாங் குழம்பும் இதே வழியில் வருவதுதான். இந்தியாவில் மைசூரில் 1961இல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆய்வுக்கூடமும் இதே வேலையைச் செய்கிறது. பனிமலையில் நிற்கும் சிப்பாய்க்குச் சப்பாத்தியும் உப்புமாவும் கெடாமல் போய்ச் சேர வேண்டுமே!

மாலை நான்கு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கெடாவின் மழையைத்தான் உங்களுக்குத் தெரியுமே, நின்று பெய்தது. எல்லாரும் பெரிய கூடாரத்துக்குள் நுழைந்து ஜிப்பை மூடினோம். கொசுவுக்காக மனைவி சுருள் பத்த வைத்தார். பிள்ளைகள் பசி என்றார்கள்.

“இதுக்குத்தானே கொண்டு வந்தேன்” என்று மச்சான், பொட்டலத்தோடு வந்த சூடாக்கும் பையை எடுத்தார். தண்ணீர் ஊற்றினால் போதும், நெருப்பே வேண்டாம். பையைச் சாய்த்து வைக்கும் படத்தில் ‘கல் அல்லது வேறு ஏதாவது’ என்று போட்டிருந்தது. மச்சான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வேறு ஏதாவதாக என் காலணியைத் தேர்ந்தெடுத்தார். தண்ணீர்ப் போத்தலையும் திறந்துவிட்டார்.

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு பையின் பின்புறத்தைப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று, “தம்பி, நிறுத்து! ஊத்தாதே! முதல்ல அந்தச் சுருளை அணை!” என்று கத்தினார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் பல வருடமாகக் கேட்டதில்லை.

அந்தப் பைக்குள் இருப்பது மக்னீசியத்தூளும் கொஞ்சம் இரும்பும் உப்பும். தண்ணீர் பட்டதும் மக்னீசியம் வினைபுரிந்து சூட்டைக் கக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சாப்பாடு சூடாகிவிடும். ஆனால் சூட்டோடு ஹைட்ரஜன் வாயுவும் வெளியேறும். அது தீப்பிடிக்கும் வாயு. மூடிய கூடாரம், கனன்றுகொண்டிருக்கும் கொசுவர்த்திச் சுருள், ஆறு பேர். எச்சரிக்கை பையிலேயே அச்சடிக்கப்பட்டிருந்தது. எங்களில் ஐந்து பேர் அதைப் படிக்கவில்லை.

“இராணுவத்தில முதல்ல படிக்கணும், அப்புறம்தான் பிரிக்கணும்” என்றார் அப்பா, குரலைத் தணித்துக்கொண்டு. மச்சானின் முகம் வெளுத்திருந்தது. “சாரி மாமா” என்று மட்டும் சொன்னார். வெளியே தார்ப்பாய் கட்டி, நாலு பக்கமும் காற்று வரும்படி விட்டு, அதன் கீழே வைத்துத்தான் சூடாக்கினோம். உள்ளூர்ப் பொட்டலங்களைக் கொதிநீரில் போட்டு எடுத்தோம்.

சுவை? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிரியாணி பரவாயில்லை, ஆனால் சோறு உதிராமல் குழைந்திருந்தது. ரெண்டாங்கில் வாசனை இருந்தது, உப்பு கூடுதல். பாஸ்தாவை மகன் மட்டும் ரசித்தான். மகள் ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிக்கொண்டு அதோடு நிறுத்திக்கொண்டாள். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு என்பதால் இரண்டு கரண்டியோடு வைத்துவிட்டார். “இதுல நார்ச்சத்து கிடையாது. ஒரு நாளைக்குத் தெரியாது. மூணாம் நாள் காலையில தெரியும்” என்றார். பிள்ளைகளுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது, புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போதுதான் என் மனைவி காருக்குப் போய் ஒரு பையை எடுத்து வந்தார். உள்ளே வாழையிலையில் கட்டிய புளிச்சாதம், போத்தலில் சம்பல். “எதுக்கும் இருக்கட்டும்னு கட்டினேன்” என்றார். பத்து நிமிடத்தில் இலை காலி. புளியும் எண்ணெயும் உப்பும் சேர்த்தால் சோறு ஒரு நாள் தாங்கும் என்று கண்டுபிடித்த நம் பாட்டிமாருக்கு எந்த அரசாங்கமும் பிராங்க் கொடுக்கவில்லை.

மழை விட்டது. ஓடையின் சத்தம் மட்டும். மகன் அப்பாவிடம், “தாத்தா, நீங்க காட்டுக்குள்ள இருந்தப்போ என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டான்.

அப்பா ரெஞ்சர் படைப்பிரிவில் இருந்தவர். 1970களில் தாய்லாந்து எல்லைக் காடுகளில் வாரக்கணக்கில் சுற்றியவர். வீட்டில் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்றிரவு பேசினார். தகர டப்பாக்கள், கல்போன்ற ரொட்டி, கட்டி எரிபொருளில் காய்ச்சிய தேநீர். சாப்பிட்டு முடித்ததும் காலித் தகரத்தை நசுக்கிப் புதைத்துவிட வேண்டும். ஒரு சீனித்தாள் கிடந்தால்கூட, இங்கே எத்தனை பேர் இருந்தார்கள், எப்போது போனார்கள் என்று எதிரி கணக்குப் போட்டுவிடுவான்.

“இதே ஜித்ராவில 1941 டிசம்பர்ல வெள்ளைக்காரன் பட்டாளம் ஜப்பான்காரன்கிட்ட ஓடினப்போ, சாப்பாட்டுச் சாமானை எல்லாம் விட்டுட்டு ஓடினான்” என்றார். அது வரலாறு. டிசம்பர் 11, 12இல் நடந்த ஜித்ராச் சண்டையில் பதினோராவது இந்தியப் படைப்பிரிவு நிலைகுலைந்து பின்வாங்கியது. விட்டுச் சென்ற உணவையும் எண்ணெயையும் வண்டிகளையும் எடுத்துக்கொண்ட ஜப்பானியர், அதற்கு ‘சர்ச்சில் ரேஷன்’ என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். அடுத்த மூன்றரை ஆண்டுகள் நம் தோட்டத்து மக்களுக்கு மரவள்ளிக்கிழங்கே சோறு. சயாம் இரயில் பாதைக்குப் போனவர்களில் பலருக்கு அதுவும் இல்லை.

பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார். “உங்க பாட்டி தகரம் வாங்கினா, அன்னைக்கே முடிச்சிடுவாங்க. ஏன்னு தெரியுமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்குத் தெரியாது. பாட்டி கடைசிவரை அப்படித்தான். சார்டின் தகரம் வாங்கி வந்தால் அலமாரியில் வைக்கவிடமாட்டார். உடனே திற, இப்பவே சமை என்பார். குளிர்பதனப் பெட்டி வந்த பிறகும் அது மாறவில்லை. முதுமையின் பிடிவாதம் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

பாட்டி குலிம் பக்கத் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1948இல் அவசரகாலம் வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் அரிசிக்கு அளவு வைத்தது. கட்டுப்பாடு இருந்த இடங்களில் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள்; தீம்பாருக்குச் சோறு கொண்டுபோக முடியாது. தகர உணவு வாங்கினால், கடைக்காரர் விற்கும்போதே அதில் துளை போட்டுக் கொடுக்க வேண்டும். துளை விழுந்த தகரம் தங்காது. காட்டுக்குள் போனாலும் பயன்படாது. வீட்டிலும் வைத்திருக்க முடியாது. பாட்டிக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. காலையில் வெறும் கோப்பி குடித்துவிட்டு மரம் சீவப் போய், மதியம் லயத்துக்குத் திரும்பித்தான் சாப்பாடு. 1955இல் பாலிங்கில் பேச்சுவார்த்தை நடந்தது, பலிக்கவில்லை. 1960இல்தான் அவசரகாலம் முடிந்தது.

“நான் பட்டாளத்துக்குப் போய் முதல் லீவுல வந்தப்போ, மிச்சமிருந்த ரெண்டு ரேஷன் தகரம் அம்மாவுக்குக் கொண்டு வந்தேன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ‘இதுல துளையே இல்லையே, போலீஸ் பிடிக்க மாட்டானா’ன்னு கேட்டாங்க” என்றார் அப்பா.

யாரும் எதுவும் சொல்லவில்லை. மகன் மட்டும் தாத்தாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். பாட்டியைப் பற்றி நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் குப்பையை அப்பாவே எண்ணினார். பிரித்த பொட்டலங்கள் ஐந்து, திரும்பும் உறைகள் ஐந்து. ஆனால் இப்போது எதையும் புதைக்கவில்லை, வீட்டுக்கு எடுத்து வந்தோம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய உறை மண்ணில் மக்காது.

இந்தப் பொட்டலங்கள் வேண்டுமா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். சுற்றுலாவுக்கு வேண்டாம், புளிச்சாதம் போதும். வெள்ளத்துக்கு வேண்டும். 2010 நவம்பரில் கெடாவில் வெள்ளம் வந்தபோது அலோர் ஸ்டார் விமான நிலையமே மூடிக் கிடந்தது. அடுப்பும் மின்சாரமும் இல்லாத மூன்று நாளுக்கு வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாங்கி வையுங்கள், குடிநீரோடு சேர்த்து. காரின் பின்பெட்டியில் வைக்காதீர்கள். 27 பாகையில் மூன்று ஆண்டு தாங்கும் அமெரிக்கப் பொட்டலம், 38 பாகையில் ஆறு மாதம்தான் தாங்கும். நம் வெயிலில் நிற்கும் கார் அதைவிடச் சூடு. உப்பிய பொட்டலத்தை ருசி பார்க்காமல் எறிந்துவிடுங்கள். உப்பின் அளவைப் படியுங்கள். சூடாக்கும் பையைத் திறந்த வெளியில் மட்டும் பயன்படுத்துங்கள்.

அந்த மாட்டிறைச்சிப் பொட்டலமா? பக்கத்து வீட்டு பாக்சிக்கிடம் கொடுக்கலாமென்றால் ஹலால் முத்திரை இல்லை. அலுவலகத்தில் சீன நண்பரிடம் நீட்டினேன். அவர் குவான் யின் பக்தர், மாடு தொடமாட்டாராம். மூன்று இனமும் சேர்ந்து ஒதுக்கிய அந்தப் பொட்டலம், மச்சானின் அடுத்த வருகைக்காக அலமாரியில் காத்திருக்கிறது.

அதன் பக்கத்தில் போன வாரம் அப்பா ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்தார். வெள்ளப் பெட்டி என்று மகன் அதில் எழுதி ஒட்டியிருக்கிறான். அரிசி ரொட்டி, மெழுகுவர்த்தி, அப்பாவின் மாத்திரை, சார்டின் தகரம் ஆறு. ஒவ்வொன்றையும் உள்ளே வைக்கும் முன் அப்பா கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலாவதித் தேதியைத்தான் பார்க்கிறார் என்று என் மனைவி நினைத்தார். நான் எதுவும் சொல்லவில்லை.