விறைப்பும் நெகிழ்ச்சியும் தளர்ச்சியும்

கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் வரையில் நிலம் பெரும்பாலும் சமமாகவே கிடக்கின்றது. இருமருங்கும் கரும்பு வளர்ந்திருக்கும் அவ்வழியில் எத்தகைய துவிசக்கர வண்டியும் செல்லும்; அதன் குணமும் குற்றமும் அங்கே வெளிப்படா. கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலைமீது வளைந்து வளைந்து ஏறி, வெள்ளிமலையை நோக்கிச் செல்லும் பாதையிலேயே வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் சோதிக்கப்படுகின்றது. சக்கரத்தையும் பிரேக்கையும் சங்கிலியையும் பார்த்து வாங்குவோர் பலர். கைப்பிடியை முன்கவையோடு இணைக்கும் சிறு தண்டைப் பார்ப்போர் மிகச் சிலரே. கடைக்காரர் 'ஸ்டெம்' என வழங்கும் அத்தண்டைக் குறித்தே ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

இக்காலத்து இளைஞரிடையே இதுபற்றி இரு கட்சிகள் உள. தண்டு எவ்வளவு விறைப்பாயிருக்கின்றதோ அவ்வளவு நன்று என்பர் ஒரு சாரார். நெகிழும் தண்டு ஏறுவோனது உழைப்பை விழுங்கிவிடும் என்பது அவர் வாதம். மற்றொரு சாரார், விறைத்த தண்டு கல்லும் குழியும் தரும் அதிர்ச்சியை மணிக்கட்டில் ஏற்றிவிடும் என்றும், பழைய இரும்புத் தண்டின் நெகிழ்ச்சியே சுகம் என்றும் கூறுவர். இருவரும் சிறிது உண்மையைப் பெரிதாக்கிக் கூறுகின்றனர் என்பதே நம் கருத்து.

முதற்கண் சொற்களைப் பகுத்தறிதல் வேண்டும். காவுதடியின் இரு முனைகளிலும் சுமையைத் தொங்கவிட்டு நடப்பவன் தோளில் அத்தடி வளைகின்றது. சுமையை இறக்கியவுடன் முன்போல் நிமிர்கின்றது. இது நெகிழ்ச்சி. அவ்வளைவை எதிர்க்கும் தன்மை விறைப்பு. உறியின் கட்டுத் தளர்ந்து தடிமீது வழுக்குமாயின் அது தளர்ச்சி. நெகிழ்ந்தது தானே மீளும். தளர்ந்தது தானே மீளாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனாலேயே வீண் வாதங்கள் எழுகின்றன.

இனி அளவைக் கொண்டு ஆராய்வோம். பழைய முறைத் தண்டின் விட்டம் 22.2 மில்லிமீட்டர். எஃகாலாகிய அதன் சுவர்க்கனம் 3 மில்லிமீட்டர் எனவும், மேலே 8 சென்டிமீட்டரும் முன்னே 6 சென்டிமீட்டரும் நீண்டுள்ளது எனவும் கொள்வோம். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பவன் ஒரு கையால் 30 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையோடு கைப்பிடியை இழுத்தால், தண்டின் வளைவினாலும் முறுக்கினாலும் அவன் கை நகரும் தூரம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவேயாம். அதிற் சேரும் ஆற்றல் ஏறக்குறைய கால் ஜூல். கடும் ஏற்றத்தில் வலியவன் ஒருவன் ஒவ்வொரு மிதிக்கும் 100 ஜூல் அளவு உழைக்கின்றான். அந்தக் கால் ஜூலிலும் பெரும்பகுதி தண்டு மீளும்போது திரும்பி வருவதே. ஆதலின் நெகிழ்ச்சி உழைப்பை விழுங்கும் என்பது பொருந்தாது. சுகத்தைக் குறித்த வாதமும் அவ்வாறே மெலிந்தது. சுமை நேரே கீழ்நோக்கி அழுத்தும்போது தண்டு வளைவது இன்னும் குறைவு. காற்றடைத்த டயரோ சில மில்லிமீட்டர் அமுங்கித் தருகின்றது. மணிக்கட்டு நோகின்றவன் தண்டை மாற்றுமுன் டயரின் காற்றை நோக்குக.

அங்ஙனமாயின் புதுத் தண்டுகளைப் பருமனாக்கியது எதற்கு? ஒரே வடிவில் செய்தால் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ மும்மடங்கு நெகிழும். சுவர்க்கனம் மாறாமல் குழாயின் விட்டத்தை மட்டும் பெருக்கினால், விறைப்பு ஏறக்குறைய விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். 1990-களில் பரவிய மறையில்லா முன்கவையைப் பற்றும் தண்டு 28.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயைப் பற்றுகின்றது. அளவின் மாற்றம் சிறிதாயினும் விறைப்பு இருமடங்குக்கு மேலாகின்றது. மற்றொரு காரணமும் உண்டு. ஜெர்மனி நாட்டு வோலர் என்னும் பொறியியலாளர் 1850-களிலும் 1860-களிலும் இரயில் அச்சுகளை ஆராய்ந்து, ஒரு முறை தாங்கக்கூடிய சுமையே பன்முறை வருமாயின் உலோகம் களைத்து முறியும் எனக் காட்டினார். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குட்பட்ட சுமையை அது எண்ணற்ற முறை தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. ஆதலின் அதனைத் தடிப்பாகச் செய்து, வளைவைக் குறைத்து, ஆயுளை நீட்டுகின்றனர். விறைப்பு அங்கே பெருமைக்கன்று, பாதுகாப்புக்கே என்க.

நம் பக்கத்து மாணவர் பெரும்பாலோர் செலுத்துவன அத்தகைய விலையுயர்ந்த வண்டிகளல்ல. 1949-இல் சென்னையில் டி. ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தோன்றியபின் தமிழ்நாட்டிலேயே செய்யப்பெற்று ஊரூராய்ப் பரவிய எஃகு வண்டிகளின் வழிவந்தனவும், அரசினர் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையின்றி வழங்குவனவுமே அவை. இவற்றின் தண்டு முன்கவைக் குழாய்க்குள் இறங்கி, நீண்ட போல்ட்டினால் மேலிழுக்கப்படும் ஆப்பினால் இறுகி நிற்பது. வண்டி விழுந்தால் கைப்பிடி ஒருபுறம் திரும்பிவிடுவதும், முன்சக்கரத்தை முழங்கால்களிடையே இடுக்கி அதனை நேராக்கிக்கொள்வதும் யாவரும் அறிந்தனவே. விழுகையில் திரும்புவது குற்றமன்று, முறியாமற் காப்பதுமாம். ஓடுகையில் திரும்புவதே உயிருக்கு உலை. வெள்ளிமலையினின்று இறங்குபவன் வளைவில் பிரேக்கைப் பிடிக்குங்கால் உடலின் பாரம் முன்னோக்கிக் கைகளின்மேற் சாய்கின்றது. அக்கணத்தில் ஆப்பு வழுக்குமாயின் கைப்பிடி ஒருபக்கமும் சக்கரம் ஒருபக்கமுமாய்ப் பிரியும். இத்தளர்ச்சிக்கு முன் விறைப்பைப் பற்றிய வாதமெல்லாம் அற்பமே.

இதனினும் கொடியது மற்றொன்று. உயரமான பிள்ளைகள் தமக்கேற்பக் கைப்பிடியை உயர்த்துவது இயல்பு. தண்டின்மேல் ஓர் எல்லைக்கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு வெளியே தெரியும்படி உயர்த்தலாகாது. உயர்த்தினால் ஆப்பு முன்கவைக் குழாயின் மறை வெட்டப்பட்டு மெலிந்த பகுதியில் விரிந்து அதனைப் பிளக்கக்கூடும். தண்டின் பிடியும் குறையும். எச்சரிக்கை யாதுமின்றிக் குழாய் முறிதல் உண்டு.

ஆகவே நாம் வேண்டுவது புதுத் தண்டு அன்று. பழைய தண்டின்மேல் ஒரு கண். வண்டி வழங்கும் நாளோடு கடமை முடிந்ததெனப் பள்ளிகள் எண்ணலாகாது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மலைப்பகுதியில் பழங்குடிப் பிள்ளைகளுக்கென அரசினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள. மழைக்காலத்துக்கு முன் ஒரு நாளும் பின் ஒரு நாளும் நம் பௌதிக வகுப்பு மாணவர் ஸ்பானரோடும் கிரீஸ் டப்பாவோடும் அப்பள்ளிகளுக்குச் செல்வாராயின், அது பரீட்சைக் கூடத்தில் எழுதும் விடைகளினும் மேலான பாடமாகும். தண்டைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசி, கோடு மறைய இறக்கி, போல்ட்டை இறுக்கி, முன்சக்கரத்தைக் கால்களால் இடுக்கிக் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். வெடிப்போ துருவரித்த குழியோ காணின் அத்தண்டை எறிந்துவிடல் வேண்டும். ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம் போதும்.

செலவு ஏதுமில்லையே, இதனால் என்ன பெரும்பயன் என்று சிலர் நகைக்கலாம். மலைச்சரிவில் ஒரு பிள்ளையின் உயிர் ஒரு விரற்கனப் போல்ட்டைப் பற்றியே நிற்கின்றது. அப்போல்ட்டை இறுக்கத் தெரிந்தும் இறுக்காது வாளாவிருத்தல் கற்றவர்க்கு அழகன்று.