தாமிரபரணிக் கரை ஆச்சி தாத்தாமாரின் கோடைக் கோரிக்கைச் சாசனம்

முழுப் பரீட்சை முடிந்ததும் பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்துவிடுவார்கள். வீடு நிறையும், அடுப்பு ஓயாது. மூட்டுவலியோடு அவர்கள் பின்னால் ஓடுவதும் எங்களுக்குச் சந்தோஷமே. கொஞ்சவும் கண்டிக்கவும் எங்களுக்குத் தெரியும். ஆனால் ஆற்றுக்குக் காவல் போடுவதும், குழாயில் தண்ணீர் விடுவதும், ஊசி மருந்து இருப்பு வைப்பதும் எங்கள் வேலை அல்ல. அவற்றைச் செய்ய வேண்டியவர்களிடம் கேட்கிறோம்.

1. படித்துறைக்குக் காவல் வேண்டும். மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் ஆழத்தில் நிற்கும் பிள்ளைக்கு அடுத்த எட்டில் தரை இருக்காது. ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த குழி, சென்னையிலிருந்து வந்த பிள்ளைக்குத் தெரியாது. குளிக்கும் எல்லையைக் கயிறும் மிதவையும் கட்டிக் காட்டுங்கள். நீச்சல் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைக் காலை முதல் அந்திவரை கூலி கொடுத்து நிறுத்துங்கள். காற்றடைத்த டியூப் ஒன்று படித்துறையிலேயே தொங்கட்டும். ஒரு பிள்ளை போன பிறகு வைக்கும் எச்சரிக்கைப் பலகை எங்களுக்கு வேண்டாம்.

2. பாழுங்கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவரும் இரும்பு வலையும் வேண்டும். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மண்ணிட்டு மூட வேண்டும். எது எங்கே இருக்கிறதென்று ஊருக்கே தெரியும். கணக்கெடுக்க ஒரு வாரம் போதும்.

3. ஆள் கணக்குக்குத் தண்ணீர் விட வேண்டும். கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. இரண்டு பேர் இருந்த வீட்டில் ஏழு பேரானால் 385 லிட்டர் வேண்டும். கத்திரி வெயிலில் இடுப்பில் குடம் சுமக்க எங்களுக்குத் தெம்பில்லை. ஏப்ரல், மே இரு மாதமும் காலையும் மாலையும் குழாயில் தண்ணீர் வர வேண்டும்.

4. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசியும் பாம்புக்கடி மருந்தும் எப்போதும் இருக்க வேண்டும். இரவிலும் ஆள் இருக்க வேண்டும். நாய் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் நாங்கள் கழுவிவிடுவோம். அதன்பின் ஊசிக்காக நகரம்வரை அலைய வைக்காதீர்கள்.

5. ரயில் கட்டணச் சலுகையைத் திருப்பித் தர வேண்டும். மகனுக்கும் மருமகளுக்கும் லீவு கிடைக்காததால் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவருவது நாங்கள்தான். மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் இருந்த சலுகை 2020 மார்ச்சில் நின்றது. தொற்றுக் காலம் போய் எத்தனையோ கோடை ஆயிற்று; இன்னும் ஏன் தாமதம்? முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. கோடைச் சிறப்பு ரயில்களையும் அப்போதே அறிவியுங்கள்.

6. ஊராட்சி நூலகத்தைத் திறந்து வையுங்கள். உச்சி வெயிலில் பிள்ளைகள் ஒதுங்க நிழலும் மின்விசிறியும் புத்தகமும் அங்கேயே இருக்கின்றன. சாவியும் ஒரு பொறுப்பாளரும் போதும்.

7. எங்கள் பிள்ளைகளிடமும் கேட்கிறோம். தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, ஒவ்வாமை விவரம் மூன்றையும் பெட்டியிலேயே வைத்து அனுப்புங்கள். பால், பலசரக்கு, கேஸ் செலவுக்கு முன்கூட்டியே பணம் கொடுங்கள். எங்களில் பலருக்கு உதவித்தொகையே வருமானம். ஆன்லைன் வகுப்பை மட்டும் ஊருக்கு அனுப்பாதீர்கள், விடுமுறை பேரப்பிள்ளைகளுடையது.

ஊராட்சிக்கான கோரிக்கைகளை மார்ச் 22 கிராம சபையில் தீர்மானமாக வைப்போம். பரீட்சை முடியுமுன் வேலைகள் முடிய வேண்டும். முடியாதவற்றுக்கு மே 1 கிராம சபையில், ஊரார் முன்னிலையில், பெயர் சொல்லிப் பதில் கேட்போம்.