இதயப்புழு: வருமுன் காப்பதே வழி

வெறிநோய்த் தடுப்பூசியின் அவசியத்தை நாய் வளர்ப்போர் இன்று பரவலாக உணர்ந்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம் இது. கொசுவால் பரவி நாயின் நுரையீரலையும் இதயத்தையும் சிதைக்கும் இதயப்புழு நோய்க்கு அந்தக் கவனம் இன்னும் கிடைக்கவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடிய நோயல்ல இது.

டைரோஃபிலேரியா இம்மிட்டிஸ் என்ற இந்தப் புழு, மனிதர்களுக்கு யானைக்கால் நோயைத் தரும் புழுக்களுக்கு உறவினம். நோயுற்ற நாயைக் கடிக்கும் கொசுவின் உடலில் நுண்புழுக்கள் சுமார் இரண்டு வாரங்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. அடுத்த நாயைக் கடிக்கும்போது அதன் உடலுக்குள் புகுந்து, ஆறேழு மாதங்களில் நுரையீரல் தமனிகளில் முழு வளர்ச்சி பெறுகின்றன. பெண் புழு 30 சென்டிமீட்டர் வரை வளரும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை உயிர்வாழும். இருமல், களைப்பு, எடைக்குறைவு, வயிற்றில் நீர் கோத்தல் என அறிகுறிகள் தெரிவதற்குள் பாதிப்பு முற்றியிருக்கும்.

சிகிச்சை உண்டு, ஆனால் அது எளிதல்ல. டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் தொடங்கி, ஆர்சனிக் கலந்த மெலார்சோமின் மருந்தை முதுகுத் தசையில் ஆழமாக மூன்று முறை ஊசியாகப் போட வேண்டும். செத்த புழுக்களின் துண்டுகள் நுரையீரல் ரத்தக்குழாய்களை அடைக்கும் என்பதால், நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல் கட்டிக்காக்க வேண்டும்.

இத்தனை துன்பத்தையும் மாதம் ஒரு மாத்திரை தவிர்க்கும். ஐவர்மெக்டின் அடங்கிய தடுப்பு மாத்திரை 1987-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அம்மருந்துக்கு வழிகோலிய வில்லியம் கேம்ப்பெல், சதோஷி ஒமூரா இருவரும் 2015-ல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் மருந்தைத் தாமாகவே கொடுப்பது ஆபத்து. நாய்க்கான தடுப்பு அளவு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம். மாடுகளுக்கான அளவோ 200. மாட்டு ஊசிமருந்தைக் கைக்கணக்கில் நாய்க்குப் போடுவோர் இந்த வேறுபாட்டை உணர வேண்டும். கோலி போன்ற இனங்களில் மரபணுக் குறைபாடு உள்ள நாய்களுக்கு அளவு மிஞ்சினால் உயிரே போகலாம். வளர்ந்த நாய்க்கு முதலில் ரத்தப் பரிசோதனை. மாத்திரை அதன் பிறகுதான்.

இது அசாம், மிசோரம் போன்ற வடகிழக்கு மாநிலங்களின் நோய்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். தென்னிந்தியாவில் அதிகம் காணப்படுவது தோலடியில் வாழும் டைரோஃபிலேரியா ரெபென்ஸ் என்பது உண்மையே. அதுவும் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. கேரளத்தில் மனிதர்களின் கண்ணிலிருந்தே அப்புழுவை அகற்றியிருக்கிறார்கள். மேலும், நாய்களோடு நோயும் பயணம் செய்யும். 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்கத் தென்கரையிலிருந்து பிற மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட நாய்களில் பல இதயப்புழுவையும் உடன் கொண்டுசென்றன. ஆண்டு முழுதும் கொசு உள்ள நம் ஊர்களுக்கு அது எச்சரிக்கை.

எனவே, மாநிலம் விட்டு மாநிலம் விற்கப்படும் நாய்களுக்கு இதயப்புழுப் பரிசோதனைச் சான்றைக் கட்டாயமாக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளில் இதைச் சேர்க்கலாம். கருத்தடைக்காகப் பிடிக்கப்படும் தெருநாய்களின் ரத்தத்தையும் பரிசோதித்தால் நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பது தெரியவரும். அரசு கால்நடை மருத்துவமனைகளில் பரிசோதனையும் தடுப்பு மாத்திரையும் குறைந்த செலவில் கிடைக்க வேண்டும். நாய் வளர்ப்போரும், அடுத்த முறை வெறிநோய்த் தடுப்பூசிக்குச் செல்லும்போது இதயப்புழுப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். தன் நோவைச் சொல்லத் தெரியாத உயிரை வளர்ப்பவர்களுக்கு அந்தப் பொறுப்பு உண்டு.