தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் கார் வேகமாக ஓடுமா?

“நம்முடையது வெப்ப நாடு. தெர்மோஸ்டாட் எல்லாம் பனி பெய்யும் நாட்டுக் கார்களுக்குத்தான். கழற்றிப் போட்டால் இயந்திரம் குளுமையாக ஓடும்; இழுவையும் கூடும்.” இந்த அறிவுரையைப் பட்டறையிலோ, சித்தப்பா, மாமா வாயிலாகவோ நீங்கள் கேட்டிருக்கலாம். கழற்றத் தயங்குவோர் சிலர், 82 டிகிரி செல்சியஸில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, 71 டிகிரியிலேயே திறப்பதைப் பொருத்திக்கொள்கிறார்கள். அன்றாடம் ஓடும் காருக்கு இரண்டுமே நன்மை செய்யாது என்பதுதான் என் கருத்து. ஏன் என்று பார்ப்போம், மாணவர்களே.

தெர்மோஸ்டாட் என்பது இயந்திரத்துக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள ஒரு சிறிய கதவு. அதற்குள் மெழுகு நிரம்பிய உலோகக் குப்பி இருக்கிறது. மெழுகு உருகும்போது விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், கதவு திறக்கும். ஆறினால் சுருங்கும், சுருள்வில் கதவை மூடிவிடும். 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் உருவாக்கிய இந்த முறை இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. மின்சாரம் இல்லை, கணினி இல்லை. திண்மம் திரவமாகும்போது விரிவடையும் இயல்பு ஒன்றே போதும்.

இப்போது முக்கியமான கேள்வி. கோத்தா திங்கியிலிருந்து ஜெமாலுவாங் வழியாக மெர்சிங்குக்கு ஒரு கார் வருகிறது. நண்பகல் வெயில், உள்ளே ஐந்து பேர், ஏர்கண்டிஷன் முழு வேகத்தில். ரேடியேட்டர் பாதி அடைத்துக்கொண்டிருப்பதால் நீரின் வெப்பநிலை 105 டிகிரிக்கு ஏறிவிட்டது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 95 டிகிரிக்குள் முழுதாகத் திறந்திருக்கும். 71 டிகிரி தெர்மோஸ்டாட்டும் முழுதாகத் திறந்திருக்கும். அப்படியானால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஒன்றுமே இல்லை! தெர்மோஸ்டாட் இயந்திரத்தின் குறைந்தபட்ச வெப்பநிலையைத்தான் தீர்மானிக்கிறது. அதிகபட்ச வெப்பநிலையைத் தீர்மானிப்பவை ரேடியேட்டர், விசிறி, நீர்ப் பம்பு ஆகியவை. இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

“வெப்ப நாடு” என்ற வாதத்தையும் எண்களால் சோதித்துப் பாருங்கள். நம் ஊர்க் காற்று ஏறத்தாழ 30 டிகிரி. இயந்திரம் நன்றாக வேலை செய்வது 90 டிகிரியை ஒட்டி. ஆக, மெர்சிங்கின் கடும் வெயிலும் இயந்திரத்துக்கு 60 டிகிரி ‘குளிர்’தான்.

குளிர்ந்த இயந்திரத்தில் என்ன நடக்கிறது? பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிரூட்டும் நீருக்குப் போய்விடுகிறது. உருளையின் சுவர் மேலும் குளிர்ந்தால், பிஸ்டனைத் தள்ளவேண்டிய வெப்பம் இன்னும் கூடுதலாகச் சுவர் வழியே இழக்கப்படும். எண்ணெய் கெட்டியாக இருப்பதால் உராய்வு கூடும். கணினிக் கட்டுப்பாடு உள்ள காரில், “இயந்திரம் இன்னும் சூடாகவில்லை” என்று உணரி சொல்ல, கணினி கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும். எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் கலக்கும். நன்கு சூடான இயந்திரத்தில் இவை ஆவியாகி வெளியேறிவிடும். குளிர்ந்த இயந்திரத்திலோ தங்கி, எண்ணெயைக் கெடுத்து, உலோகத்தை அரிக்கும். மெர்சிங் போன்ற சிறு நகரில் பள்ளிக்கு, சந்தைக்கு, கடைக்கு எனப் பெரும்பாலும் சில நிமிடப் பயணங்கள்தான். தெர்மோஸ்டாட் இல்லாத கார் அந்தச் சில நிமிடங்களில் சூடாகவே சூடாகாது.

குளுமையை விரும்புவோர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. பந்தயக் கார் முழு விசையில் ஓடும்போது, எரிகலன் மிகவும் சூடானால் பெட்ரோல் தாறுமாறாகப் பற்றி ‘டொக் டொக்’ என இடிக்கும். அங்கே சற்றுக் குளுமை உதவும். அதனால்தான் சில நவீனக் கார்களில் மின்சாரத்தால் கட்டுப்படும் தெர்மோஸ்டாட் இருக்கிறது. மெதுவாகப் போகும்போது இயந்திரத்தைச் சூடாகவும், முழு விசையில் குளுமையாகவும் வைத்திருக்கும். அதே போல, இயந்திரத்துக்குள் நுழையும் காற்று குளிர்ந்திருந்தால் அடர்த்தி கூடி, விசையும் கூடும். ஆனால் அது காற்று. நாம் பேசுவது நீர். பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மெர்சிங் படகுத்துறைக்குப் போனால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கும். படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு இயந்திரம் கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. உப்புநீர் மிகவும் சூடானால் குழாய்களில் உப்புப் படியும். ஆகவே அத்தகைய இயந்திரங்களில் 50, 60 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் வைக்கிறார்கள். அங்கே குளுமை சரி, ஏனென்றால் காரணம் இருக்கிறது. சாலையில் ஓடும் காரில் மூடிய குழாய்களுக்குள் கூலண்ட் சுற்றுகிறது. உப்புப் படியும் சிக்கலே இல்லை.

பிறகு ஏன் இந்தப் பழக்கம் வந்தது? பழைய தெர்மோஸ்டாட் சில நேரம் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும், இயந்திரம் கொதிக்கும். அதைக் கழற்றியதும் கொதிப்பு நிற்கும். உடனே “குற்றவாளி இதுதான்” என்று எல்லாத் தெர்மோஸ்டாட்டுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பழுதான பல்லுக்காக எல்லாப் பற்களையும் பிடுங்குவோமா? மேலும், சில இயந்திரங்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குக் குழாயையும் அடைக்கிறது. அதைக் கழற்றினால், சூடான நீரின் ஒரு பகுதி குளிராமலேயே இயந்திரத்துக்குத் திரும்பும். குளுமைக்காகச் செய்த வேலை, சாலை நடுவே கொதிப்பில் முடியலாம்.

நான் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம், சோதித்துப் பாருங்கள். பட்டறையில் கேட்டால் பழைய தெர்மோஸ்டாட் ஒன்று கிடைக்கலாம். ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு பாத்திர நீரில் அதை நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். எந்த வெப்பநிலையில் திறக்கத் தொடங்குகிறது, எப்போது முழுதாகத் திறக்கிறது, ஆறும்போது எப்போது மூடுகிறது என்று குறித்து வரைபடம் வரையுங்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கும் இது பொருந்தும்.

வீட்டுக் கார் அடிக்கடி கொதித்தால், கூலண்ட் அளவு, ரேடியேட்டர் அடைப்பு, விசிறி, ரேடியேட்டர் மூடி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லி அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் பழுதென்றால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே வெப்பநிலையில் திறக்கும் புதியதை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். “எதற்கு அது? கழற்றிவிடலாமே!” என்று யாராவது சொன்னால், மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: “அண்ணே, நீர் 105 டிகிரிக்குப் போனபோது அந்தக் கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா?”