தீட்டு என்பது சுகாதாரமா?

‘தீண்டாமை தீண்டாமைன்னு பேசறீங்களே, அது அந்தக் காலத்து சுகாதாரம் சார்.’ இந்தப் பேச்சு பழசு. 2020இல் கொரோனா வந்தபோது இதற்குப் புது உயிர் கிடைத்தது. மடியும் எச்சில் பார்ப்பதும் எட்டி நின்று கும்பிடுவதும் விஞ்ஞானமாயின. அதே வாய்தான் அந்த மார்ச் மாதம் டெல்லி நிஜாமுதீன் கூட்டத்துக்குப் பிறகு கிருமிக்கு முஸ்லிம் பெயர் வைத்தது. ‘கொரோனா ஜிகாத்’ என்றது. பாய் கடையில் காய் வாங்காதே என்றது. வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்த மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொல்வதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது.

ஆக, தலித்தை விலக்கியதும் சுகாதாரம், முஸ்லிமை விலக்குவதும் சுகாதாரம். நாம் கேட்பது ஒன்றுதான். தீட்டு எவனையாவது நோயிலிருந்து காப்பாற்றியிருக்கிறதா?

புதுச்சேரிக்காரர்கள் இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். போப்பின் தூதராக வந்த தூர்னோன் இந்த ஊரில் தங்கித்தான் 1704இல் சேசுசபைப் பாதிரிகளுக்கு ஓர் ஆணை போட்டார். ஞானஸ்நானத்தின்போது பாதிரி தன் எச்சிலைத் தொட்டு வைப்பது ரோமச் சடங்கு. சாதிக் கிறித்தவர்களுக்கு எச்சில் ஆகாது என்பதால் இங்கே அதை விட்டுவிட்டிருந்தார்கள். சேரியில் ஒருவர் சாகக் கிடந்தால் அந்தக் குடிசைக்குள் போய்ச் சடங்கு செய்வதையும் தவிர்த்துவந்தார்கள். இரண்டையும் செய்தே ஆகவேண்டும் என்றது ஆணை. பாதிரிமார் விடவில்லை. வழக்கு ரோமாபுரிக்குப் போய் நாற்பது ஆண்டு இழுத்தது. 1744இல் வந்த கடைசி ஆணையில், தலித்துகளுக்கென்று தனிப் பாதிரிகளை ஒதுக்கும் ஏற்பாட்டுக்குப் போப்பே ஒப்புக்கொண்டார்.

மறு ஆண்டு நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கோயிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் நம்மவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. பறைச்சேரி மக்கள் திரண்டுபோய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். 1745 அக்டோபரில் சுவர் இடிபட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். பிள்ளையின் வீடு இன்றும் பெரிய மார்க்கெட்டை ஒட்டி நிற்கிறது. அந்த மார்க்கெட்டில் எந்தக் கை பறித்த கீரை, எந்தக் கை அரிந்த மீன் என்று யாரும் கேட்டு வாங்குவதில்லை. கோயிலில் மட்டும் சுவர் கேட்டது. நோய்க்குப் பயந்தவன் கட்டிய சுவரா அது?

கிருமியைப் பற்றி இன்றைய ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் கணக்கிட்டார்கள். உடம்பின் சொந்தச் செல்களுக்கு ஏறக்குறைய சமம். ஒரே வீட்டில் வாழ்பவர்களின் வாயில் இருக்கும் நுண்ணுயிர் ரகங்களில் மூன்றில் ஒரு பங்களவு பொதுவானவை என்று 2023இல் வந்த ஆய்வு சொல்கிறது. சுத்தமான தனி உடம்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. பார்ப்பனியம் கட்டிக் காக்கிற உடம்பு ஒரு கற்பனை.

அடுத்தது முக்கியமானது. இந்தியாவில் முஸ்லிம்கள் இந்துக்களைவிட ஏழைகள், படிப்பும் குறைவு. ஆனாலும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் முதல் வயதைத் தாண்டிப் பிழைப்பது அதிகம். பல ஆண்டுகள் இது ஆய்வாளர்களுக்குப் புதிராக இருந்தது. மைக்கேல் ஜெரூசோ, டீன் ஸ்பியர்ஸ் இருவரும் 2018இல் ஒரு விடை சொன்னார்கள். அந்த அனுகூலம் குடும்பத்தின் மதத்தால் வருவதல்ல, அக்கம்பக்கத்தால் வருவது. முஸ்லிம்கள் கக்கூஸ் பயன்படுத்துவது அதிகம், வெளிக்குப் போவது குறைவு. அவர்கள் நடுவில் குடியிருக்கும் குழந்தை, எந்த மதமானாலும், பிழைக்கிறது. யாரை விலக்கச் சொன்னார்களோ அவர்களின் தெருவில்தான் பிள்ளைகள் பிழைக்கின்றன.

மற்றவர்கள் ஏன் வெளிக்குப் போகிறார்கள்? டயான் காஃபியும் ஸ்பியர்ஸும் 2017இல் எழுதிய நூல் காரணத்தைத் தீட்டில் கண்டது. வீட்டுக்குள் கக்கூஸ் குழி இருந்தால் ஆச்சாரம் கெடும். குழி நிறைந்தால் யார் அள்ளுவது? அள்ளுவதற்கென்று ஒரு சாதியை வைத்திருந்தார்கள். அந்தச் சாதி இன்று ‘மாட்டேன்’ என்கிறது. தானே அள்ளவும் மனசு வரவில்லை. ஆகவே வயல்காட்டில் மலம், குடிதண்ணீரில் மலம், குழந்தை வயிற்றில் கிருமி. தீட்டு நோயைத் தடுக்கவில்லை, தீட்டுதான் நோயைப் பரப்பியது. அம்பேத்கர் 1948இலேயே, தீண்டாமை தொழிலால் வந்தது என்ற வாதத்தைத் தள்ளிவிட்டார். சுகாதாரம் பேசுகிறவர்கள் அதைப் படிக்கட்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘சேரிப் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி’ என்று பாராட்டுகிற கூட்டம். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்ற சிறுபான்மைக் கிறித்தவப் பிரிவினரை ஒப்பிட்ட 2016 ஆய்வை இவர்கள் காட்டக்கூடும். மாட்டுத்தொழுவத்தை ஒட்டி வாழும் ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம், எந்திரப் பண்ணை ஹட்டரைட் பிள்ளைகளில் 21. சரிதான். ஆனால் தொழுவத்துத் தூசு வேறு, மலம் கலந்த தண்ணீர் வேறு. பின்னது பிள்ளையின் குடலைத் தொடர்ந்து புண்ணாக்குகிறது, தின்ற சோறு உடம்பில் ஒட்டாமல் வளர்ச்சியைக் குறுக்குகிறது. அசுத்தம் நம்மைக் கொரோனாவிலிருந்து காக்கும் என்று 2020இல் பேசியவர்களுக்கு 2021இன் இரண்டாம் அலை சுடுகாட்டில் பதில் சொன்னது.

சாக்கடைக் கிருமிகள் உண்டாக்கும் விஷவாயு குழிக்குள் இறங்கிய நம்மவர்களை எத்தனையோ முறை கொன்றது. 2024 ஜூனில் அதே வாயு புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் கக்கூஸ் வழியாக வீட்டுக்குள் ஏறி மூன்று பேரைக் கொன்றது. குழியைத் தலித் தலையில் கட்டிவிட்டுத் தூங்கியவர்கள் இனியாவது விழிக்க வேண்டும்.

ஆய்வாளர்களுக்கும் ஒன்று. மதம் என்ற கட்டத்தில் இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்று குறித்துக்கொண்டு போனால் தலித் கிறித்தவர் காணாமல் போகிறார். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை ஏற்கெனவே அவரைப் பட்டியலிலிருந்து காணாமல் அடித்தது. நீங்களும் அதைச் செய்யாதீர்கள். மலத்தை எடுத்துச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோகும்போது, அந்தத் தெருவில் யார் மலத்தை யார் அள்ளினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.