ஏமாந்தவனைத் திட்டாதீர்கள்

"படிச்சிருந்தா ஏமாந்திருப்பானா?" சித்தி மகன் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயை இழந்த செய்தி வந்த அன்று வீட்டில் எழுந்த முதல் கேள்வி இது. கேட்டவர் ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்கு எதிரானது.

தம்பி அறந்தாங்கி பக்கம். 2016-இல் ஷார்ஜாவுக்கு ஏசி மெக்கானிக்காகப் போனான். கம்பெனி ஐந்து மாதம் சம்பளம் தரவில்லை. பாஸ்போர்ட்டும் அவர்களிடம்தான். வேறு இடத்தில் வேலைக்குப் போனான். கம்பெனி அவன் மேல் 'அப்ஸ்காண்டிங்' போட்டது. அதாவது ஓடிப்போனவன். சம்பளம் தராதவனுக்கு ஒரு பெயரும் இல்லை, சம்பளம் வராமல் வெளியேறியவனுக்கு மட்டும் ஒரு பெயர் உண்டு. இந்த ஒரு வார்த்தையைப் பற்றியே தனியாக எழுதலாம், இன்னொரு நாள்.

2018 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அமீரகம் பொதுமன்னிப்பு கொடுத்தது. தாமாக முன்வந்து வெளியேறுகிறவர்களுக்குத் தடை இல்லை என்றார்கள். தம்பி அதில் ஊர் வந்தான். 2022-இல் வேறொரு கம்பெனி வேலை தர, விசாவுக்குப் போட்டார்கள். நிராகரிப்பு. காரணம் கேட்டால் காரணம் இல்லை.

அப்போது எனக்கு வாட்ஸப் செய்தான். "அண்ணே, என் பேரு பிளாக்லிஸ்ட்ல இருக்கான்னு எப்படிப் பாக்குறது?" நான் ஸ்டாண்டப் மீட்டிங்கில் இருந்தேன். அரசு இணையதளம் ஒன்றின் லிங்க்கை அனுப்பிவிட்டு, "இதுல பாருடா" என்றேன். அந்தத் தளம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அவனுக்குத் தெரிந்தது தமிழும், சைட்டில் பேசும் இந்தியும். நான் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு அவன் கேட்கவே இல்லை. ஏஜென்ட்டைக் கேட்டான். ஏஜென்ட் தமிழில் பதில் சொன்னான், ராத்திரி பதினோரு மணிக்கும் போன் எடுத்தான்.

நம்முடைய விழிப்புணர்வு வீடியோக்கள் எல்லாம் பார்க்க மறுக்கும் இடம் இது. மோசடிக்காரன் விற்பது பொய் மட்டுமில்லை, பதிலையும் சேர்த்து விற்கிறான். பதில் தர வேண்டிய அலுவலகம் வாயை மூடிக்கொண்டதால்தான் அந்தப் பதிலுக்கு இந்த விலை.

மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், எரர் மெசேஜ் தராத சிஸ்டம் அது. என் டீமில் ஒருத்தன் லாகின் தோற்றால் காரணம் காட்டாமல் வெற்றுத் திரை காட்டும்படி எழுதினால், கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்புவேன். ஒரு மனுஷனின் பிழைப்பை நிறுத்தும் சிஸ்டத்துக்கு அந்த ரிவ்யூ கிடையாது.

பாதுகாப்புக் காரணம், அதனால் சொல்ல முடியாது என்பார்கள். சரி, ஐரோப்பாவைப் பார்ப்போம். ஷெங்கன் தகவல் அமைப்பில் தன்னைப் பற்றி என்ன பதிவு இருக்கிறது என்று வெளிநாட்டவரும் இலவசமாகக் கேட்கலாம், தவறென்றால் திருத்தக் கோரலாம். எல்லாக் கேள்விக்கும் முழுப் பதில் வராது. ஆனால் கேட்பதற்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. அவர்களுக்கு மட்டும் பாதுகாப்புக் கவலை இல்லையா?

அரபு நாடுகளை மட்டும் திட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடவும் முடியாது. வெளிநாடுவாழ் சீக்கியர்கள் 314 பேரைக் கொண்ட ஒரு பட்டியலை இந்தியா வைத்திருந்தது. 2019 செப்டம்பரில் அதிலிருந்து 312 பெயர்களை நீக்கியது. மிச்சம் இரண்டு. அந்த 312 பேர் அத்தனை வருஷம் உள்ளே இருந்தது எதற்காக?

தம்பிக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டியது அதிகமில்லை. 'லிஸ்ட்' என்று ஒன்று கிடையாது. முதலாளி போட்ட புகார் வேறு, கோர்ட் வழக்கு வேறு, கடன் வழக்கு வேறு, கைரேகை எடுத்து நாடு கடத்தியது வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபீஸ், ஒரு பூட்டு. முதலாளி புகாரை அவரே வாபஸ் வாங்கலாம், அல்லது அது பொய் என்று தொழிலாளர் அமைச்சகத்தில் நிரூபிக்கலாம். துபாயில் பண வழக்கு இருக்கிறதா என்று துபாய் போலீஸ் ஆப்பிலேயே காசில்லாமல் பார்க்கலாம், ஆனால் அது ஷார்ஜாவைச் சொல்லாது. எந்தப் பதிவு, எந்த ஆபீஸ், என்ன நம்பர் என்று கேட்டால் மழுப்புகிறவன் திருடன். தனியார் ஜீபே நம்பருக்குப் பணம் கேட்கிறவனும் அப்படியே. பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் புது பாஸ்போர்ட் எடு என்கிறவன் உன்னை ஜெயிலுக்கே அனுப்புவான். அங்கே விமான நிலையங்களில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே கண்ணை ஸ்கேன் செய்கிறார்கள், எழுத்து மாறினாலும் கண் மாறாது. நம்மூர் ஏஜென்ட் என்றால் இமைக்ரேட் தளத்தில் பதிவு இருக்கிறதா பார்க்கணும். அவர் சட்டப்படி வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான்.

இவ்வளவையும் பணம் போன பிறகு இரண்டு ராத்திரி உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டேன். இன்ஜினியரிங் டிகிரியும் ஆங்கிலமும் இருந்தும் இரண்டு ராத்திரி.

ஏஜென்ட் கொடுத்த 'கிளியரன்ஸ்' பிடிஎஃப்பை தம்பி அனுப்பினான். தங்க நிறப் பருந்து முத்திரை, அரபி எழுத்து, க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் அவன் பெயரோடு ஒரு பக்கம் திறந்தது. முதல் பார்வையில் நானே நம்பினேன். பிறகு டொமைனைப் பார்த்தேன். பதிவாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஏமாற்றுக்காரன் செய்த பக்கம் போனில் அழகாகத் திறந்தது, ஒரு நொடியில் லோட் ஆனது, அவன் பெயரைச் சரியாகச் சொன்னது. நான் அனுப்பிய அசல் லிங்க்கை அன்றைக்குத்தான் முதன்முறையாகத் திறந்தேன். எமிரேட்ஸ் ஐடி நம்பர் கேட்டது. அந்த அட்டை, கம்பெனி பிடுங்கி வைத்துக்கொண்ட பாஸ்போர்ட்டோடு போய்விட்டது.

"ஏன்டா என்கிட்ட கேக்கல?" என்றேன்.

"கேட்டேனே அண்ணே," என்றான்.

சித்தியின் வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன. தம்பி திருப்பூரில் ஏசி சர்வீஸ் பார்க்கிறான். போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கினோம், ஏஜென்ட்டின் நம்பர் அணைந்துவிட்டது. தொழிலாளர் அமைச்சகத்துக்கு அவன் பெயரில் ஆங்கிலத்தில் நான் எழுதிய மெயிலுக்கு, உங்கள் கோரிக்கை பெறப்பட்டது என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டான், "அண்ணே, கடைசியா என் பேரு அதுல இருக்கா, இல்லையா?"